யூனா திருப்பிக் கொடுத்த பிரஷ்

யூனா கில்லீஸ் தன் டூத் பிரஷ்ஷைத் திருப்பிக் கொண்டுவந்தாள். கழுவிக் காயவைத்து, பழுப்புக் காகிதத்தில் சுற்றி, நூல் போட்டுக் கட்டியிருந்தாள். பள்ளிக்கூடத்துப் பொருளைப் பத்திரமாகத் திருப்பித் தருகிற பிள்ளை அவள். நான் அப்போது பல் அடைக்க வெள்ளிப்பொடியையும் பாதரசத்தையும் கல்வத்தில் போட்டுக் குழைத்துக்கொண்டிருந்தேன்.

"அம்மா குடுத்துட்டு வரச் சொன்னாங்க, நர்ஸ். இனிமே எனக்குத் தேவைப்படாதாம். சின்னப் பிள்ளைங்க யாருக்காவது குடுத்துருங்கன்னாங்க."

"ஏன், புதுசு வாங்கிட்டாங்களா?"

"இல்ல நர்ஸ். பல்லே இருக்காதே."

புது ஷூ வரப்போகிறது என்று சொல்கிற குரலில் சொன்னாள். அக்கா எஃபிக்கு ஈஸ்டருக்குக் கல்யாணமாம். அடுத்த வியாழக்கிழமை டவுனிலிருந்து பல் டாக்டர் பெல்லமி பல் பிடுங்க இங்கே ஹோட்டலுக்கு வருகிறாராம். எஃபிக்கு எல்லாப் பல்லையும் எடுத்துவிடுவார்களாம்.

"அதோட எனக்கும் எடுத்துடலாம்னு அம்மா சொல்றாங்க. ரெண்டு தடவை எதுக்கு அலையணும்னு."

"உனக்குப் பன்னிரண்டு வயசு, யூனா."

"டிசம்பர் வந்தா பதிமூணு, நர்ஸ்."

கல்வத்தில் இருந்த கலவை இறுகிப் பாழாகிவிட்டது. அதைக் கொட்டிவிட்டு அந்தப் பொட்டலத்தைப் பிரிக்காமலே மேஜை இழுப்பறைக்குள் போட்டேன்.

எங்கள் பக்கத்தில் இது அதிசயம் இல்லை. பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமானால், துணி தைக்கக் கொடுப்பதற்கு முன்னால் பல் பிடுங்கக் கூட்டிப்போய்விடுவார்கள். சொத்தை, நல்லது என்ற பேதமெல்லாம் கிடையாது. மேலே கீழே மொத்தமாகக் காலி. ஈறு ஆறியதும் பல்செட். கட்டிக்கொள்ளப் போகிறவன் நாளைக்கு மனைவிக்குப் பல்வலி என்று பால் கறக்கிற நேரத்தில் டவுனுக்கு ஓடக் கூடாது, பாருங்கள். சில வீடுகளில் இருபத்தொன்றாவது பிறந்தநாளுக்கே இந்தப் பரிசு கிடைத்துவிடும். அக்கம்பக்கத்தார் வந்து சிரிக்கச் சொல்லிப் பார்ப்பார்கள், நன்றாக அமைந்திருக்கிறது என்பார்கள், தேநீர் குடித்துவிட்டுப் போவார்கள். ஆனால் பன்னிரண்டு வயதில் எடுத்ததாக நான்கூடக் கேள்விப்பட்டதில்லை.

யூனாவின் வாய் எனக்கு என் வாயைவிட நன்றாகத் தெரியும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்து நான்கில், தலைநகர் வெலிங்டனில் பள்ளிப் பல் நர்ஸுக்கான இரண்டு வருஷப் பயிற்சி முடித்து இந்த டோட்டாரா ரோடு பள்ளிக்கு வந்தேன். மைதானத்தின் மூலையில் தகரக் கூரை போட்ட ஓர் அறை, ஒரு நாற்காலி, ஒரு ஸ்பிரிட் விளக்கு, காலால் மிதித்துச் சுற்ற வேண்டிய துளைக்கிற இயந்திரம். மிதிப்பதை நிறுத்தினால் அது பல்லுக்குள்ளேயே நின்றுவிடும். நாள் முழுக்க மிதித்து மிதித்து என் வலது கெண்டைக்கால் இடதைவிட ஒரு சுற்றுப் பெருத்துவிட்டது. வந்த முதல் வாரமே யாரோ கதவில் சுண்ணாம்புக்கட்டியால் 'கொலைக்கூடம்' என்று எழுதி வைத்தார்கள். இரண்டு தடவை வண்ணம் பூசினேன். மூன்றாவது தடவை போங்களடா என்று விட்டுவிட்டேன்.

பிள்ளைகளை இழுத்துக்கொண்டுதான் வர வேண்டும். ஒருவன் வேலி தாண்டிப் பக்கத்துப் பண்ணையின் காளைக்குப் பின்னால் போய் ஒளிந்தான். என்னைவிடக் காளை பரவாயில்லை என்று தோன்றியிருக்கிறது. யூனா மட்டும் ஒன்பது வயதில் தானாகவே வந்து நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, "எனக்குப் பல்லுக்குள்ள என்னமோ இடிக்குது, நர்ஸ், பாருங்க," என்றாள். ஆறு வயதில் முளைத்து ஆயுசுக்கும் இருக்க வேண்டிய நான்கு கடைவாய்ப் பற்களிலும் குழி. முன்பல்லிலும் ஒன்று. வேறு யாராயிருந்தாலும் பிடுங்கித் தட்டில் போட்டிருப்பார்கள். நான் ஒரு குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து அடைத்தேன். நான் மிதிக்கும்போது அவள் குதிகாலால் நாற்காலிக் கட்டையில் தாளம் போடுவாள். என் கால் தளர்ந்தால் அவள் தாளமும் தளரும். அப்போது ஒற்றைக் கண்ணைத் திறந்து என்னைப் பார்ப்பாள், என்ன நர்ஸ் முடிஞ்சுதா என்கிற மாதிரி.

மூன்று வருஷத்தில் அவளுடைய சிகிச்சை அட்டையில் அடைத்தது பதினொன்று, பிடுங்கியது ஒன்றுமில்லை. அந்த அட்டையை நான் எப்போதும் அடுக்கின் மேலேயே வைத்திருப்பேன். ஆய்வாளர் வந்தால் முதலில் கைக்குக் கிடைக்கட்டுமே என்றுதான். தற்பெருமைதான், மறுக்கவில்லை.

அன்று மத்தியானமே தலைமையாசிரியர் ஹார்க்னஸிடம் போனேன். அவருடைய பல்செட் கொஞ்சம் தளர்வு. பேசும்போது ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் 'டக்' என்று ஒரு சத்தம் வரும்.

"இதுல நான் என்ன பண்ண முடியும், நர்ஸ்?" டக். "பிள்ளை அவங்களுது. பல்லும் அவங்களுதுதான்."

"பல்லெல்லாம் நல்லா இருக்கு சார். ஒரு குறையும் இல்ல. மூணு வருஷம் நான்..."

"நீங்க உழைச்சீங்க, யார் இல்லேன்னா? பிள்ளை இங்க படிக்கிறவரைக்கும் பாத்துக்கிறேன்னுதானே அவங்க கையெழுத்து வாங்கினீங்க? டிசம்பரோட அவ பள்ளிக்கூடத்தை விடுறா. கணக்கு சரியாப் போச்சு." டக். "என்னையே பாருங்க. இருபத்திரண்டு வயசுல எடுத்தேன். அதுக்கப்புறம் பல்வலின்னா என்னன்னே தெரியாது."

பல்லே இல்லாதவருக்குப் பல்வலி எப்படித் தெரியும்? இதை நான் சத்தமாகச் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

பள்ளி விட்டதும் சைக்கிளை எடுத்துக்கொண்டு கில்லீஸ் பண்ணைக்குப் போனேன். நவம்பர் மாதம், பசுக்கள் மடி நிறைந்து நிற்கிற காலம். மழை வேறு. சரளை ரோட்டில் இரண்டு மைல் போய்ச் சேரும்போது என் வெள்ளை உடுப்பு முழங்கால் வரைக்கும் சேறு. கறவைக் கொட்டகையில் தாயும் இரண்டு பெண்களும் ஆளுக்கொரு பசுவோடு உட்கார்ந்திருந்தார்கள். மிஸஸ் கில்லீஸ் பசுவின் விலாவில் நெற்றியை முட்டுக் கொடுத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமலே பேசினாள்.

"வாங்க நர்ஸ். நீங்க வருவீங்கன்னு எனக்குத் தெரியும். யூனா சொன்னா, உங்க முகமே மாறிப்போச்சுன்னு. அந்த வாளியைக் கவுத்துப் போட்டு உக்காருங்க."

"மிஸஸ் கில்லீஸ், யூனாவுக்கு ஒரு பல்லுகூடக் கெட்டுப்போகல. எஃபி விஷயம் வேற, அவளை நான் பாத்ததில்ல. யூனாவுக்கு எதுக்கு?"

"இன்னிக்குக் கெடல. நாளைக்கு?"

"நாளைக்குக் கெட்டா அடைச்சுக்கலாம்."

"யார் அடைப்பா? நீங்களா? அவ பள்ளிக்கூடத்தை விட்டப்புறம் உங்க நாற்காலியில உக்கார விடுவாங்களா?"

விடமாட்டார்கள். அது சட்டம். அவள் மடியை விட்டுவிட்டுத் திரும்பினாள். கோபமாக இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

"எனக்கு மார்தான்னு ஒரு தங்கச்சி இருந்தா, நர்ஸ். பதினேழு வயசு. ஒரு பல்லு வீங்கிச்சு. ஆத்துல வெள்ளம், டாக்டர் அக்கரையில. கழுத்து வரைக்கும் வீங்கி, நாலாவது நாள் மூச்சு முட்டிப் போய்ச் சேர்ந்தா. நான்தான் தலைமாட்டுல இருந்தேன். அப்பவே முடிவு பண்ணிட்டேன், எனக்குப் பொறக்கிற பொண்ணு வாயில இந்தச் சனியனை வெச்சுக்கிட்டுக் குடித்தனம் பண்ணக் கூடாதுன்னு. எனக்கு எடுத்தாச்சு. எஃபிக்கு எடுக்கப் போறோம். ஒரே மயக்க மருந்து, ஒரே சூப்புப் பானை, ரெண்டு பேரும் சேர்ந்து பத்து நாள் கஞ்சி குடிச்சுட்டுக் கிடந்தா முடிஞ்சுது."

"யூனா வாய் மார்தா வாய் இல்ல."

"உங்களுக்குப் புரியாது, நர்ஸ்." அவள் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். பொறாமை இல்லாத, நல்ல சிரிப்பு. "உங்களுக்கு ஆண்டவன் அள்ளிக் குடுத்திருக்கான். முத்து கோத்த மாதிரி பல்லு. இந்த ரோட்டுல உங்க பல்லைப் பத்திப் பேசாத வீடு கிடையாது. எங்க குடும்பத்துக்கு அந்தக் குடுப்பினை இல்ல. பொறக்கும்போது கிடைக்காததை டாக்டர்கிட்டதான் வாங்கணும்."

பக்கத்துப் பசுவுக்குக் கீழே யூனாவின் கை நின்றுபோனது. பால் வாளியில் விழும் சத்தம் இல்லை. அவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் என்ன சொல்லப்போகிறேன் என்று.

நேரமாகிறது என்று முணுமுணுத்துவிட்டுச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஏன் என்று சொல்லிவிடுகிறேன். என் வாயில் ஆண்டவன் கொடுத்த பல் ஒன்றுகூட இல்லை.

எனக்குப் பத்தொன்பது வயதில் கிளாரி என்று ஒருவனோடு நிச்சயம் ஆயிற்று. அப்பா நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை. பெண்ணுக்குக் குறை வைக்கக் கூடாது என்று கல்யாணப் பரிசாகப் பல் முழுக்க எடுத்து, அந்தக் காலத்திலேயே உயர்ந்த பல்செட்டாகப் பார்த்துப் போட்டுக்கொடுத்தார். ஈறு ஆறுவதற்குள் கிளாரி கம்பளி கத்தரிக்கிற வேலை என்று ஆஸ்திரேலியாவுக்குப் போனான், அங்கேயே ஒருத்தியைக் கட்டிக்கொண்டான். கல்யாணம் நின்றுபோயிற்று. பல் திரும்பி வரவில்லை. பயிற்சிக்கு விண்ணப்பம் போடும்போது அதில் ஒரு கேள்வி, உங்கள் வாயில் சொத்தைப் பற்கள் உள்ளனவா என்று. இல்லை என்று எழுதினேன். சத்தியமான பதில்தானே!

அதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. ஒவ்வொரு திங்கட்கிழமை காலையும் பிள்ளைகளை மைதானத்துக் குழாயடியில் வரிசையாக நிறுத்திப் பல் விளக்கச் சொல்லித்தருவேன். படிக்கட்டில் நின்று நானும் விளக்கிக் காட்டுவேன். மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே. முதல் மாதம் தாய்மார்கள் சிலர் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். அவர்களைக் கண்டதும் எனக்கு என்ன வந்ததோ, ஈயென்று பல்லைக் காட்டி, "தினம் விளக்கினா இப்படி இருக்கும்," என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து ஊர் முழுக்க அதே பேச்சு. திருத்துவதற்கு மூன்று வருஷம் இருந்தது. திருத்தவில்லை. பெருமை ருசியாக இருந்தது, வேறென்ன.

அந்த வாரம் முழுக்க எனக்கு யார்மேல் கோபம் என்றே விளங்கவில்லை. ஹார்க்னஸ்மேல், மிஸஸ் கில்லீஸ்மேல், வெள்ளம் வந்த ஆற்றின்மேல், கிளாரிமேல்கூட. சுற்றிச் சுற்றி என்னிடமே வந்து நின்றது. உங்களுக்குப் புரியாது என்றாளே, எனக்குப் புரிகிற மாதிரி வேறு யாருக்குப் புரியும்? இந்தப் பல்லை வைத்துக்கொண்டு பத்து வருஷமாக நான் படுகிற பாட்டை அவளிடம் சொன்னால் மனம் மாறிவிடுவாள் என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றியது. சொன்னால் இந்த ஊரில் என் மானம் போகும். போகட்டும். புதன்கிழமை சாயங்காலம் மறுபடியும் சைக்கிளை எடுத்தேன்.

கறவை முடிந்து தாயும் பெண்களும் சமையலறையில் இருந்தார்கள். எஃபி ஜன்னலோரம் கல்யாண உடுப்புக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். யூனா தோட்டத்திலிருந்து பிடுங்கிவந்த இளம் கேரட்டுகளை மண் போகக் கழுவிக்கொண்டிருந்தாள். மிஸஸ் கில்லீஸ் எனக்குத் தேநீர் ஊற்றி வைத்தாள். அடுப்பின்மேல் பெரிய பானையில் நாளைய சூப் ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்தது.

"ஒரு சாசர் குடுங்க," என்றேன்.

கொடுத்தாள். நான் வாய்க்குள் விரலை விட்டு மேல்செட்டைக் கழற்றினேன். பிறகு கீழ்செட்டை. இரண்டையும் சாசரில் வைத்து மேஜைக்கு நடுவில் தள்ளினேன். கண்ணாடியில் என்னைத் தவிர யாரும் பார்த்திராத என் முகம் அது. கன்னம் உள்ளே போய், உதடு மடிந்து, மோவாய் மூக்கைத் தேடிப் போகிற முகம்.

எஃபியின் ஊசி நின்றது. மிஸஸ் கில்லீஸ் என்னைப் பார்த்தாள், சாசரைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள்.

"ஆண்டவன் குடுத்தது இல்ல, மிஸஸ் கில்லீஸ்," என்றேன். பல்லில்லாத வாயில் வார்த்தைகள் கஞ்சி மாதிரி வழிந்தன. "எங்கப்பா குடுத்தது. பத்தொன்பது வயசுல. பத்து வருஷமா நான் ஒரு ரொட்டி ஓரத்தைக் கடிச்சதில்ல. தும்மினா வாயைப் பொத்திக்கிட்டுத் தும்முறேன். ஈறு சுருங்கிக்கிட்டே போகுது, வருஷத்துக்கு வருஷம் செட்டு ஆடுது. வாயில ருசியே பாதி போச்சு. யாராவது சிரிப்பு மூட்டினா எனக்குப் பயமா இருக்கு. எனக்கு விருப்பமான்னு அன்னிக்கு யாரும் கேக்கல. இதைத்தான் நாளைக்கு யூனாவுக்குப் பண்ணப் போறீங்க."

நான் பத்து வருஷத்தில் யாரிடமும் இவ்வளவு பேசியதில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, வெட்கமாக இருந்தது.

மிஸஸ் கில்லீஸ் சாசரை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் முகம் மெல்ல மலர்ந்தது.

"எஃபி! இங்க வாடி! இதைப் பாரு! இது செட்டாம்டி!"

எஃபி உடுப்பைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். அந்த வாரமெல்லாம் அழுதுகொண்டிருந்த பெண் அவள், கண் இன்னும் சிவந்திருந்தது. "அய்யோ, நிஜப் பல்லு மாதிரியே இருக்கும்மா!"

"மூணு வருஷமா பாக்குறேன், எனக்கே தெரியலையே! நான் என்னமோ பொறவியிலேயே அப்படின்னு இல்ல நெனச்சேன்! எந்த டாக்டர் பண்ணது நர்ஸ்? பெல்லமிக்கு இந்த மாதிரி வருமா? பாரு எஃபி, பாரு, இதுக்கா நீ அழுத? நர்ஸம்மாவே போட்டுக்கிட்டு ராணி மாதிரி நடக்குறாங்க!"

"மிஸஸ் கில்லீஸ், நான் சொன்னது காதுல விழுந்துதா?"

"விழுந்துது, விழுந்துது. ரொட்டி ஓரத்தை வெட்டிட்டுத் தின்னா போச்சு."

நான் யூனாவின் கையிலிருந்த கேரட்டைக் காட்டினேன். "கடி, யூனா."

அவள் கடித்தாள். மடக்கென்று ஒடிந்தது. அந்தச் சின்ன அறையில் அந்தச் சத்தம் எனக்கு வேட்டு மாதிரி கேட்டது.

"என்னால இது முடியாது," என்றேன்.

"வேக வெச்சுத் தாங்கன்னு கேட்டா நான் வெச்சுத் தரமாட்டேனா?" என்றாள் மிஸஸ் கில்லீஸ். உண்மையான அக்கறையோடு சொன்னாள். சுவரில் போய் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது எனக்கு.

யூனா மென்று முடித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நர்ஸ், அப்போ திங்கக்கிழமை நீங்க விளக்கிக் காட்டுவீங்களே, அது எது?"

"இதுதான்."

"தினம் விளக்கினா இப்படி இருக்கும்னீங்களே."

"சொன்னேன். அது பொய், யூனா."

அவள் நாக்கால் தன் கடைவாய்ப் பற்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பது கன்னத்துக்கு வெளியே தெரிந்தது. பிறகு தாயிடம் திரும்பினாள்.

"எனக்கு வேண்டாம்மா."

"என்னடி வேண்டாம்?"

"பல்லு எடுக்க வேண்டாம். எனக்கு இதே இருக்கட்டும்."

"டாக்டர்கிட்ட பேர் குடுத்தாச்சு. இவ்வளவு நாள் சரி சரின்னுட்டு இப்ப என்ன வேண்டாம்?" அப்போதுதான் முதல் தடவையாக மிஸஸ் கில்லீஸின் முகம் சுருங்கியது. சாசரை என் பக்கமாக நகர்த்தினாள். "பாத்தீங்களா நர்ஸ்? சந்தோஷமா இருந்த பிள்ளை. பயங்காட்டி விட்டுட்டீங்களே. இனி நாளைக்கு இவளை எப்படி நாற்காலியில உக்கார வெப்பேன்?"

நான் பல்லை எடுத்து மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். யூனா வாசல்படி வரைக்கும் வந்தாள். "நீங்க இன்னொரு தடவை சொல்லுங்க நர்ஸ்," என்றாள் மெதுவாக. நான் திரும்பிப் போய் இன்னொரு தடவை சொன்னேன். மிஸஸ் கில்லீஸ் கதவைச் சாத்தவில்லை, மரியாதை தெரிந்தவள். நான் சொல்லி முடிக்கும்வரை சூப்பைக் கிளறிக்கொண்டே இருந்தாள். அவ்வளவுதான்.

வியாழக்கிழமை நான் ஆறு பிள்ளைகளுக்குப் பல் அடைத்தேன். எப்படி அடைத்தேன் என்று எனக்குத் தெரியாது. தெருவில் கில்லீஸ் வண்டி போகிற சத்தம் கேட்டபோது மிதிப்பதை நிறுத்திவிட்டேன். நாற்காலியில் இருந்த பெண் வாயில் இயந்திரத்தோடு என்னைப் பார்த்து முழித்தாள். தெரியாமல் போகவிருந்த யூனாவைத் தெரியாமலாவது போகவிட்டிருக்கலாம். என்னால் அவளுக்கு ஆன ஒரே உதவி, தன் வாயிலிருந்து என்ன போகிறது என்று தெரிந்துகொண்டு அவள் போய் உட்கார்ந்ததுதான்.

அடுத்த வாரம் யூனா வரவில்லை. அதற்கடுத்த திங்கட்கிழமை காலை, குழாயடிக்குப் போக நான் குவளையை எடுத்துக்கொண்டிருந்தபோது வாசலில் நின்றாள். தலையைச் சுற்றித் தாடையோடு கம்பளித் துண்டு கட்டியிருந்தாள். முகம் சின்னதாகிப் போயிருந்தது. புகையிலை டப்பா ஒன்றை நீட்டினாள்.

திறந்து பார்த்தேன். பஞ்சு வைத்து அதன்மேல் பற்கள். வேர் நீளமான, வெள்ளைவெளேரென்ற பற்கள். நான்கு கடைவாய்ப் பற்களிலும் என் அடைப்புகள் அப்படியே இருந்தன, ஓரம்கூட விட்டுக்கொடுக்கவில்லை. அவற்றைத் தனியாக ஒரு மூலையில் ஒதுக்கி வைத்திருந்தாள்.

"டாக்டர் கேட்டார்," என்றாள். சொற்கள் ஈறுகளுக்கு நடுவே நழுவின. "இதை யார் அடைச்சதுன்னு. ரொம்ப நல்ல வேலையாம். ஒண்ணுகூட அசையலயாம். உங்ககிட்ட சொல்லச் சொன்னார்."

நல்ல வேலை! பார்த்துப் பாராட்டிவிட்டுத்தான் பிடுங்கியிருக்கிறார். எனக்கு அந்த டப்பாவைத் தூக்கிச் சுவரில் அடிக்க வேண்டும்போல இருந்தது. அடிக்கவில்லை. மேஜை இழுப்பறையைத் திறந்து, பிரிக்காத அந்தப் பிரஷ் பொட்டலத்துக்குப் பக்கத்தில் வைத்து மூடினேன்.

குழாயடியில் முப்பத்தேழு பிள்ளைகள் குவளையோடு நின்றார்கள். யூனா சுவரோரமாகப் போய் ஒட்டிக்கொண்டாள். நான் படிக்கட்டில் ஏறி நின்றேன். பிரஷ்ஷை எடுத்தேன். வாய்க்குக் கொண்டுபோன கை அதற்குமேல் போகவில்லை. பிரஷ்ஷைக் குவளையில் போட்டுவிட்டு, இரண்டு செட்டையும் கழற்றிக் கையில் தூக்கிக் காட்டினேன்.

"இது பொய்ப்பல். இவ்வளவு நாள் உங்ககிட்ட பொய் சொன்னேன். என் பல்லை எல்லாம் பிடுங்கிட்டாங்க," என்றேன்.

சிரிப்பு கிளம்பியது. பயந்த சிரிப்பு இல்லை, குதூகலம்.

"எங்கம்மாவுக்கும் இருக்கு, நர்ஸ்!"

"எங்கப்பா கிளாஸ் தண்ணியில போட்டு வெப்பார்!"

"எங்க சித்திக்கு உங்களதைவிடப் பெருசு!"

கைகள் ஒவ்வொன்றாக உயர்ந்தன. இல்லாத வீடு இல்லை. முன்வரிசையில் நின்ற பெரில் என்ற ஆறு வயதுப் பெண் குதித்துக் குதித்துக் கையைத் தூக்கினாள். அவளுக்கு முன்பல் இரண்டு விழுந்து, புதியது இப்போதுதான் எட்டிப் பார்க்கிறது.

"நர்ஸ், நர்ஸ்! எனக்கு எப்போ தருவாங்க?"

நான் கையில் பல்லை வைத்துக்கொண்டு நின்றேன். மூன்று வருஷமாகத் தொண்டை கிழியக் கத்தியது, மிதித்தது, எழுதியது, எல்லாவற்றுக்கும் சேர்த்து இந்த ஒரு கேள்விதான் மிச்சம்.

யூனா சுவரை விட்டு வந்தாள். பெரிலுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, தாடையில் கட்டிய துண்டை அவிழ்த்து, வாயைத் திறந்தாள். அவளுக்குச் செட் இன்னும் வரவில்லை; ஈஸ்டருக்குத்தான் வரும். இருந்தது ஈறு மட்டும். வீங்கி, சிவந்து, அங்கங்கே கறுத்த குழிகள். பெரில் எட்டிப் பார்த்தாள். பக்கத்தில் நின்றவர்களும் எட்டிப் பார்த்தார்கள். சிரிப்பு பின்வரிசை வரைக்கும் நின்றுபோனது.

"இப்படித்தான் தருவாங்க," என்றாள் யூனா.

பெரில் குவளையைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டாள். அன்று அந்த முப்பத்தேழு பிள்ளைகளும் ஒரு சத்தமில்லாமல், நான் சொல்லாமலே, மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் பல் விளக்கினார்கள். அவர்களுக்குப் பாடம் ஏறிவிட்டது. அது ஏறுவதற்கு யூனாவின் வாய்தான் ஆக வேண்டும் என்றால், ஏறாமலே போய்த் தொலைந்திருக்கலாம்.